எத்தனை அடி தள்ளி நிற்பது?

1

சாதியின் வரலாறு ஒரு வகையில் தூரத்தின் வரலாறுதான். யார் வந்தால் யார் ஒதுங்க வேண்டும், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும், டீக்கடையில் டம்ளரை எங்கே வைக்க வேண்டும் என்று நம் பாட்டன் பூட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டவை எல்லாம் அளவுகளே. அதனால் 2020 மார்ச்சில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு "சமூக இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்" என்று திருமுல்லைவாயில் தெருக்களில் சொல்லிக்கொண்டு போனபோது, ஊர்ப் பக்கத்தில் அந்தச் சொல் விழுந்த மாதிரி காலனிப் பக்கத்தில் விழவில்லை. "இன்னாத்த புதுசா சொல்றாங்கோ? நம்மளுக்குப் பொறந்ததுலேர்ந்து இதானே" என்று ஓர் ஆயா சொன்னார். அவர் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 20இல் 'சமூக' என்ற சொல்லைக் கைவிட்டு 'உடல் இடைவெளி' என்று பேசத் தொடங்கிவிட்டது. உறவு அறுந்து போகவேண்டியதில்லை, உடம்பு தள்ளியிருந்தால் போதும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இங்கேயோ 'சமூக விலகல்', 'சமூக இடைவெளி', 'தனிமனித இடைவெளி' என்று மூன்று சொற்களும் ஒரே சமயத்தில் சுவரொட்டியில் இருந்தன. சமூகமே விலகி விலகி வாழ்கிற நாட்டில் இன்னும் விலகச் சொல்கிறோமே என்று எழுதியவர்களுக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை.

சொல்லோடு நிறுத்திக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளின் விதிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. எல்லோரும் அதைக் 'குழப்பம்' என்றார்கள். குழப்பம் இருந்தது உண்மைதான். ஆனால் யாருக்கு விலக்குக் கொடுத்தார்கள், யாரை விலக்கி வைத்தார்கள் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் அந்தக் குழப்பத்துக்குள் ஒரு பழைய ஒழுங்கு தெரிகிறது. அதைக் காட்டுவதுதான் இந்தக் கட்டுரை. நோய் பொய் என்றோ, தள்ளி நின்றது தவறு என்றோ நான் சொல்லவில்லை. எங்கள் சனமும் அதில் செத்தது.

2

முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி என்ற வெள்ளைக்கார அதிகாரி, 1908இல் வெளிவந்த இந்திய மக்கள் பற்றிய தன் நூலில் மலையாளக் கரையின் தீட்டு அளவுகளைப் பதிந்து வைத்திருக்கிறார். நாயர் தொட்டால்தான் தீட்டு. கம்மாளர் 24 அடியில் தீட்டு. கள் இறக்குபவர் 36 அடி. புலையர் அல்லது செறுமர் 48 அடி. பறையர் 64 அடி. இதே அளவுகளை வேறு வெள்ளைக்காரர்கள் எழுதியதில் தேடினால் எண்கள் பொருந்துவதில்லை. ஒருவர் அடிக்கணக்கில் எழுதினால் இன்னொருவர் காலடிக் கணக்கில் எழுதுகிறார்.

எண்கள் ஏன் பொருந்தவில்லை? யாரும் கயிறு பிடித்து அளக்கவில்லை. அளக்கும் வேலை, விலக வேண்டியவன் தலையில் இருந்தது. எதிரே யார் வருகிறார் என்று தெரியாமல் புலையர் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பதில் குரல் வந்தால் பாதையை விட்டு வயலுக்குள் இறங்க வேண்டும். 48 அடியா 60 அடியா என்ற சந்தேகம் வந்தால் அந்தச் சந்தேகத்தின் பலன் மேலே இருப்பவனுக்குப் போகும், அடி கீழே இருப்பவனுக்கு விழும். விதி தெளிவில்லாமல் இருப்பது ஆண்டவனுக்கு ஒருபோதும் தொந்தரவாக இருந்ததில்லை. தெளிவில்லாத விதியை வைத்துத்தான் யாரையும் எப்போதும் குற்றவாளி ஆக்க முடியும்.

அடுத்த முரணைப் பாருங்கள். 48 அடிக்கு அப்பால் நிற்க வேண்டிய புலையர்தான் சேற்றில் இறங்கி நாற்று நட்டு, கதிர் அறுத்து, அடித்துத் தூற்றிக் கொடுத்தார். அந்த நெல் பார்ப்பான் வீட்டு உலையில் கொதித்தபோது தீட்டு எங்கே போனது? உடம்புக்குத் தூரம் உண்டு, அந்த உடம்பின் உழைப்புக்குத் தூரம் கிடையாது. நம்ம திருநெல்வேலிச் சீமையின் புரத வண்ணார்கள் இதைவிடக் கொடுமை. கண்ணால் பார்த்தாலே தீட்டு என்று அவர்களைப் பகலில் வெளியே வரவிடவில்லை என்று 1932 டிசம்பரில் தி இந்து நாளேட்டில் வந்த செய்தியை அம்பேத்கர் எடுத்துக் காட்டுகிறார். நடுராத்திரிக்கும் விடியலுக்கும் இடையில் அவர்கள் வேலை செய்ய வேண்டும். வேலை என்ன? துணி வெளுப்பது. அதுவும் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மற்றவர்களின் துணியை. இதை நாமும் குற்ற உணர்வோடு படிக்க வேண்டியிருக்கிறது.

1924 மார்ச் 30இல் வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. பலகை நட்டு எங்களையும் ஈழவரையும் நிறுத்திய அந்தத் தெருவில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கலாம். நேற்றுவரை விலகி நின்றவர் இன்றைக்கு மதம் மாறிவிட்டால் அவரும் நடக்கலாம். அதே உடம்பு, அதே ரத்தம், அதே மூச்சுக்காற்று. பேர் மாறினால் தீட்டு ஓடிவிடுகிறது. பெரியாரைச் சிறையில் வைக்கும் அளவுக்கு அரசு பாதுகாத்த விதியின் அறிவு இவ்வளவுதான்.

3

நோய்க்காக அரசாங்கம் தூரம் போட்ட கதையும் பழையதுதான். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. சின்னச் சட்டம். அரசு எந்த நடவடிக்கையும் எடுக்கலாம், மீறினால் தண்டனை, அதிகாரி நல்லெண்ணத்தில் செய்ததற்கு வழக்குப் போட முடியாது. மக்களுக்கு என்ன உரிமை என்று ஒரு வரிகூட இல்லை. 123 வருடம் கழித்து 2020இல் எடுத்துப் போட்டதும் இதே சட்டத்தைத்தான்.

சென்னை மாகாணத்தில் அப்போது பிளேக் பாஸ்போர்ட் என்று ஒன்று இருந்தது. நோயுள்ள ஊரிலிருந்து வருபவர் போகுமிடத்தைச் சொல்லி ஒரு சீட்டு வாங்க வேண்டும். பத்து நாள் தினமும் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். ரயிலில் மூன்றாம் வகுப்புக்காரர்களை இறக்கி, வரிசையில் நிறுத்தி, தொட்டுச் சோதித்தார்கள். முதல் வகுப்புக்காரர்களுக்கு அந்த அவமானம் பெரும்பாலும் இல்லை. பிளேக் எலித் தெள்ளினால் பரவும் நோய். தெள்ளுக்கு டிக்கெட்டின் நிறம் தெரியாது. ஆனால் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

1918இல் விஷக்காய்ச்சல் வந்தது. பம்பாய் நகரத்தில் ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8.3 பேர் செத்தார்கள். சாதி இந்துக்களில் 18.9. 'தாழ்ந்த சாதி இந்துக்கள்' என்று அவர்கள் எழுதிய பட்டியலில் 61.6. இந்த மூன்று எண்களையும் மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். கிருமி எல்லோருக்கும் பொதுவானது என்று யாராவது மேடையில் பேசினால் திருப்பிச் சொல்வதற்கு உதவும். கிருமி பொதுவாக இருக்கலாம். வீடு பொதுவில்லை, தண்ணீர் பொதுவில்லை, மருந்து பொதுவில்லை.

4

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

திருமுல்லைவாயில் 2020இல் மூன்று வரைபடத்துக்குள் இருந்தது. உள்ளாட்சியில் அதற்கு முந்தின ஆண்டு உருவான ஆவடி மாநகராட்சி. வருவாய்த் துறையில் திருவள்ளூர் மாவட்டம். போலீஸ் கணக்கில் சென்னைப் பெருநகரக் காவல் எல்லை; ஆவடிக்குத் தனிக் காவல் ஆணையரகம் வந்தது 2022இல்தான். சாதாரண நாளில் இது யாருக்கும் உறைக்காது. ஊரடங்கில் ஒவ்வோர் ஆணையும் ஒவ்வொரு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏப்ரல் 26 முதல் 29 வரை போட்ட முழு ஊரடங்கு மாநகராட்சியின் பேரால் வந்தது. இ-பாஸ் மாவட்டத்தின் பேரால் வந்தது. ஜூன் 1இல் மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தபோது காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள் ஏழாம் மண்டலம். சென்னைக் காவல் எல்லை எட்டாம் மண்டலம். மண்டலம் விட்டு மண்டலம் போக இ-பாஸ். அந்த விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், எங்கள் சொந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுக்க எங்களுக்கு இ-பாஸ் வேண்டும். பக்கத்து ஸ்டேஷனான அம்பத்தூரோ 2018இலிருந்து சென்னை மாவட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஓர் எல்லை.

இ-பாஸுக்கு நல்ல போன் வேண்டும், ஆவணம் வேண்டும், காரணத்துக்குச் சான்று வேண்டும். கார் வைத்திருந்தவர்கள் வாங்கிப் போனார்கள். கட்டட வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போனவர்களிடம் என்ன சான்று இருக்கும்? மேஸ்திரி லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பாரா? சி.டி.எச். சாலையில் மடக்கிய போலீஸ்காரருக்கே அன்றைக்கு எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று தெரியாத நாட்கள் இருந்தன. நேற்று விட்டவர் இன்று மடக்குவார். லத்திக்கு மட்டும் குழப்பம் வந்ததே இல்லை.

தூரத்தின் அளவும் ஒன்றாக இல்லை. மத்திய சுகாதாரத் துறை முதலில் சொன்னது ஒரு மீட்டர். பிரதமர் ஏப்ரலில் சொன்னது இரண்டு கஜம். உள்துறை ஆணையில் ஆறடி. ரேஷன் கடை முன்னால் சுண்ணாம்பில் போட்ட வட்டம் கடைக்காரர் கால் எட்டிய தூரம். கடை திறக்கும் நேரத்தை மார்ச் கடைசியில் பகல் 2.30 வரை என்றார்கள், ஏப்ரல் 5 முதல் 1 மணி வரை என்று குறைத்தார்கள். நேரத்தைக் குறைத்தால் கூட்டம் குறையும் என்று யாரோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். பத்து மணி நேரத்தில் வந்துபோகிற சனத்தை ஏழு மணி நேரத்துக்குள் அடைத்தால் ஒருத்தர்மேல் ஒருத்தர்தான் நிற்க வேண்டும். நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் ஏப்ரல் 25 அன்று சென்னைக் கடைகளில் தள்ளுமுள்ளு நடந்தது. மாதச் சாமான் வாங்கி அடுக்க முடிந்தவர் போகாமலும் இருந்திருக்கலாம். அன்றாடம் கால் கிலோ துவரம்பருப்பு வாங்குகிறவர் போகாமல் என்ன செய்வார்? மறுநாள் பத்திரிகையில் 'பொறுப்பற்ற கூட்டம்' என்று படம் வந்தது.

அந்தச் சமயத்தில் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, மே 5இல் அதை மூடி, பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள். சென்னைக்கு ஆபத்தென்றால் புறநகருக்குத் தள்ளுவது. குப்பையையும் குடிசையையும் தள்ளிப் பழகியவர்களுக்குச் சந்தையைத் தள்ளுவது புதிதல்ல. மே 7இல் சென்னைக் காவல் எல்லைக்கு வெளியே டாஸ்மாக் திறந்தது. இடைவெளி இல்லையென்று மறுநாளே உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசாங்கம் உச்சநீதிமன்றம் போய்த் தடை வாங்கி மே 16இல் திரும்பத் திறந்தது. வருமானம் வருகிற இடத்தில் இடைவெளிக்குத் தடையாணை கிடைக்கும்.

மே 25 முதல் அம்பத்தூர், கிண்டி உள்ளிட்ட தொழிற்பேட்டைகள் 25 சதவீத ஆட்களோடு நடக்கலாம் என்றார்கள். தடைசெய்யப்பட்ட பகுதியில் குடியிருப்பவர் வேலைக்கு வரக்கூடாது என்றும் சொன்னார்கள். நோய்க்கு அது சரி. ஆனால் அப்படி வீட்டில் நிறுத்தப்பட்டவருக்குக் கூலி யார் கொடுப்பது என்பது கூலிக்காரனின் கவலையாகவே விடப்பட்டது. எங்கள் பக்கத்தில் பாதிச் சனம் அம்பத்தூர் எஸ்டேட் லேத்துப் பட்டறைகளில் அன்றாடக் கூலி. தெருவில் ஒரு வீட்டுக்கு நோய் வந்தால் தெருவுக்கே பட்டினி. அதனால் காய்ச்சலை மறைத்தார்கள். மறைத்தவர்களை அறியாத சனம் என்று திட்டினார்கள். சொன்னால் சோறு போகும் என்ற விதியை வைத்துவிட்டு உண்மையைச் சொல் என்றால் யார் சொல்வார்?

மின்சார ரயில் அக்டோபர் 5இல் அத்தியாவசியப் பணியாளருக்கு மட்டும் ஓடியது. நவம்பரில் பெண்களுக்கு. டிசம்பர் 23 முதல் பொதுமக்களுக்கு, நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். எட்டு மணி ஷிப்டுக்குப் போகிற ஆண் பிள்ளை ஏழு மணிக்கு மேல் ரயில் ஏறக்கூடாது. அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். ரயிலில் வராத கிருமி பஸ்ஸில் வந்திருக்கும்.

5

இத்தனை விதியிலும் இடைவெளியே பேசப்படாத ஓர் இடம் இருந்தது. துப்புரவு வேலை. 2020இல் அவர்கள் பேரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது. கை தட்டினார்கள், காலைக் கழுவி மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்த ஓர் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சின்ன வண்டி, அதுல பத்துப் பேரு நின்னுக்கினே போவோம். ஒருத்தி மூச்சு ஒருத்தி மேல படும். அப்போ எவனும் ஆறடி சொல்லல. எறங்கி ஒரு வீட்டாண்ட தண்ணி கேட்டா, தள்ளி நில்லும்மான்னு கேட்டு மேல பாட்டில வெச்சிட்டு உள்ள பூட்டாங்கோ. பாட்டில திருப்பிக் குடுக்காதேன்னுட்டாங்கோ. அவுங்க வூட்டு நோய்க்காரரோட குப்பைய இந்தக் கையாலதான் அள்ளினேன்."

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீட்டுவேலைக்குப் போனவர்களை முதலில் கேட்டிலேயே நிறுத்தினார்கள். சம்பளம் போச்சு. பிறகு பாத்திரம் குவிந்ததும் கூப்பிட்டார்கள், ஆனால் லிஃப்டில் ஏறக்கூடாது, படியேறி வர வேண்டும். மூன்று மாடி ஏறி வந்து அதே வீட்டுக்குள் அதே காற்றில் இரண்டு மணி நேரம் துணி அலசி, தரை துடைத்து, குழந்தைக்குச் சோறு ஊட்டலாம். புலையரின் நெல்லையும் புரத வண்ணாரின் வெளுப்பையும் மேலே சொன்னேன். அதற்கும் இதற்கும் இடையில் எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள்.

நோய் வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சென்னையில் சில இடத்தில் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். அப்படி ஒட்டினால் அந்த வீட்டாரைத் தீண்டத்தகாதவர்போல் நடத்துகிறார்கள் என்று 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றமே சொன்னது; உரிய அதிகாரி உத்தரவு இல்லாமல் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பும் தந்தது. நல்ல தீர்ப்பு. பதினான்கு நாள் அந்த ஸ்டிக்கரோடு இருந்த ஊர்க்காரர்கள் மனசு உடைந்து போனதாக எழுதினார்கள். அந்த வேதனையை நான் கேலி செய்யவில்லை. அந்த ஸ்டிக்கர் பரம்பரையாக ஒட்டியிருக்கும் வீடுகளைப் பற்றி ஒரு நிமிடமாவது அவர்கள் நினைத்தார்களா என்று மட்டும் கேட்கிறேன்.

சாவிலும் தூரம் வந்தது. ஏப்ரல் நடுவில், சென்னையில் இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடாமல் சனம் கூடி மறித்தது. உடல் திரும்பிப் போனது. ஏப்ரல் 19 இரவு டாக்டர் சைமன் ஹெர்குலிசின் உடலைப் புதைக்கப் போனவர்களைக் கல்லாலும் கட்டையாலும் அடித்தார்கள். அவருடைய சக மருத்துவர் ஒருவர் தானே மண் தள்ளிப் புதைத்தார். நாடே வெட்கப்பட்டது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 26இல், அப்படித் தடுத்தால் மூன்று வருடம்வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது.

வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் சுடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம் என்று 1955 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எங்களுக்காக எழுதியது. அதற்கு 64 வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நிலத்து வழியாகப் போக விடாததால் ஒரு தலித் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கினார்கள். அந்த உடலில் எந்தக் கிருமியும் இல்லை. அதற்கு ஒரு வாரத்தில் எந்த அவசரச் சட்டமும் வரவில்லை.

6

அப்படியானால் இடைவெளியும் தீண்டாமையும் ஒன்றா? ஒன்றில்லை. நம் தோழர்கள் சிலர் கோபத்தில் ஒன்றென்று எழுதினார்கள். அது நமக்கே கெடுதல். தொற்று நோயில் தள்ளி நிற்பது இரண்டு பேரையும் காப்பாற்றுகிறது. நான் உன்னிடமிருந்து தள்ளி நிற்கிற அதே அளவு நீயும் என்னிடமிருந்து தள்ளி நிற்கிறாய். நோய் போனதும் இரண்டு பேரும் கிட்டே வருகிறோம். தீண்டாமையில் ஒருவர் மட்டுமே விலக வேண்டும், அதற்கு முடிவும் கிடையாது. ஒரு விதி நோய்க்கானதா சாதிக்கானதா என்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. விலகுவது யார்? விலகியதால் போன கூலியை யார் கொடுக்கிறார்? விலக இடம் இருக்கிறதா? வேலை வாங்கும்போது விதி எங்கே போகிறது?

இடம் என்பது சாதாரண விஷயமில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் ஆறடிக்கு எங்கே போவது? 2021 ஏப்ரல் கடைசியில் உலக சுகாதார நிறுவனம், காற்றோட்டம் இல்லாத அடைசலான அறையில் இந்நோய் ஒரு மீட்டருக்கு அப்பாலும் காற்றில் பரவும் என்று ஒத்துக்கொண்டது. அதாவது ஒரு வருடமாகச் சுண்ணாம்பு வட்டம் போட்டதைவிட ஜன்னல் வைத்த வீடு முக்கியமாக இருந்திருக்கிறது. புறம்போக்கில் தகரக் கூரை போட்டவர்களுக்கு ஜன்னலுள்ள வீட்டைப் பட்டாவோடு கேட்பது நோய்த் தடுப்புக் கோரிக்கைதான். பொதுக் குழாயில் குடம் வரிசை போடுகிற தெருவுக்கு வீட்டுக் குழாய் கேட்பதும், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளருக்கு நிரந்தர வேலை கேட்பதும் அப்படியே.

அடுத்த நோய் வரும். அன்றைக்கும் விதி போடுவார்கள், அன்றைக்கும் முரணாகப் போடுவார்கள். 1918இன் எண்கள் நம் கையில் இருப்பது யாரோ அதைப் பிரித்து எழுதி வைத்ததால். 2020, 2021இல் எந்தத் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள், யாருக்கு வேலை போனது, யாரை லிஃப்டில் ஏற்றவில்லை என்பதைச் சாதி வாரியாக யாரும் எழுதவில்லை. எழுத மாட்டார்கள். மாணவர்களே, உங்கள் தெருவில் தொடங்குங்கள். ரேஷன் டோக்கன், இ-பாஸ் சீட்டு, போலீஸ் போட்ட 188 வழக்குத் தாள், ஒப்பந்தக்காரர் கொடுத்த அடையாள அட்டை எல்லாம் இன்னும் வீட்டில் பரண்மேல் இருக்கும். கேட்டு வாங்கி, யாருடையது, எந்தத் தேதி, என்ன நடந்தது என்று அவரவர் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். ஆயாக்களும் அக்காக்களும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.